ஓடை திரும்பும் இடம்

அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்துதான் வந்தோம். அதோ, டிரைவருக்குப் பின்னால், மடியில் குழந்தையோடு, மஞ்சள் ஸ்வெட்டர். அவள் பக்கத்தில் இடம் காலியாக இருக்கும்போது இவள் ஏன் இங்கே வந்து நம்மை நெருக்குகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். முன்னால் உட்கார்ந்தால் எனக்கு வளைவில் தலை சுற்றும். பின்னால்தான் அதிகம் சுற்றுமா? சிலருக்கு அப்படி. எனக்கு இப்படி.

பக்கத்தில் இருந்தால் பேசவும் வேண்டும். அவளுக்கு வருகிற தமிழுக்கு நான் ஒன்று கேட்டால் அவள் ஒன்று சொல்வாள். பஸ்ஸில் எங்கள் எஸ்டேட் ஆட்கள் ரெண்டு பேர் இருக்கிறார்கள். ஏற்கெனவே லைன் வீடுகளில் பேச்சு. "மேஸ்திரி சம்சாரத்துக்கு இந்திக்காரிதான் இப்போ சொந்தம்" என்று. எனக்குக் கேவலமாக இருக்கிறது, தங்கச்சி. இந்த வயதில் இப்படி ஒரு பேச்சு.

பெயர் ஃபுல்மணி. எங்கள் வாயில் அது பூமணி ஆகிவிட்டது. ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள். இப்போது எங்கள் லைனில் பாதி வீடு அவர்கள்தான். நம் பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிப் போய்விட்டால் கொழுந்து எடுக்க ஆள் வேண்டாமா? இவள் வீட்டுக்காரன் புத்வா, மரம் வெட்டுகிற கூட்டத்தில் எங்கள் வீட்டுக்காரருக்குக் கீழே வேலை. நல்ல பையன். குடிக்க மாட்டான். தீபாவளியிலிருந்து ஜெயிலில் இருக்கிறான். இன்றைக்கு ஜாமீனுக்கு வக்கீல் மனுப் போடுகிறாராம். அதற்குத்தான் போகிறோம். இவளுக்குத் தமிழ் போதாது என்று என்னை அனுப்பியிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்காரர்தான். இருளப்பன் மேஸ்திரி என்றால் மேலே யாருக்கும் தெரியும். மரம் வெட்டுகிற மேஸ்திரி. டீ ஃபேக்டரி பாய்லருக்கு விறகு வேண்டும் இல்லையா, அதற்காகத் தேயிலைக்குப் பின்னால் யூகலிப்டஸ் வைத்திருக்கிறார்கள். கீழேயிருந்து வருகிறவர்கள் காடு காடு என்று போட்டோ எடுப்பார்கள். காடு இல்லை. வரிசையாக நட்ட மரம். ஆனால் அடியில் உண்ணிச்செடி மண்டிவிட்டால், இது நட்டதா முளைத்ததா என்று மிருகத்துக்கு என்ன தெரியும்? பன்றி, முள்ளம்பன்றி, கேளையாடு எல்லாம் பகலில் அதற்குள்தான் படுக்கும். கேளையாடு தெரியாதா? நாய் மாதிரிக் குரைக்குமே, அந்தச் சின்ன மான்.

மரத்தை எப்படி வெட்டுவார்கள் என்றால், நாலு பக்கமும் ஆளை நிறுத்திச் சுற்றி வெட்டிக்கொண்டே உள்ளே போவார்கள். அது எங்கள் மாமனார் காலத்துப் பழக்கம். கடைசியில் நடுவில் கொஞ்சம் காடு மிஞ்சும். ஓட இடமில்லாமல் எல்லாம் அதற்குள் ஒடுங்கிக் கிடக்கும். அன்றைக்கு ஆண்கள் ஒருவர்கூட லீவு போட மாட்டார்கள். காய்ச்சல் என்று படுத்தவன்கூடத் தடியோடு எழுந்து வருவான். கறியைக் கூறு போட்டு, ஒரு தொடை மேஸ்திரி வீட்டுக்கு வரும். நாங்கள் கேட்டு வாங்குவதில்லை. வரும். மரியாதை.

அதை நிறுத்தினது மிருதுளா மேடம். மிருகங்களைப் பற்றிப் படிக்கிறவர். லைனில் அவருக்குக் குரங்கு மேடம் என்று பெயர். அவருக்கும் தெரியும். "குரங்கு வந்திருக்கு, டீ கிடைக்குமா அக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் வாசலில் நிற்பார். சின்னப் பெண். உங்கள் வயது இருக்கும். ஒருநாள் எங்கள் வாசலில் உட்கார்ந்து குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். ரோட்டுப் பக்கமிருந்து மட்டும் வெட்டிக்கொண்டு போங்கள், ஓடைப் பக்கம் கடைசி வரைக்கும் திறந்து கிடக்கட்டும், ஓடையைத் தாண்டினால் சோலை, எல்லாம் தானாகப் போய்விடும் என்று. சோலைதான் யாரும் நடாத காடு.

எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். "அப்போ எங்க ஆளுங்களுக்குக் கறி?"

"கோழி வாங்கித் தர்றேன் மேஸ்திரி."

"எங்க ஆளுங்க திங்கிற தீனிக்கு உங்க சம்பளம் பத்தாது மேடம்."

"அப்ப கடன் சொல்லி வாங்கறேன்."

மேனேஜரிடமும் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டார். வாங்கியும் தந்தார், கோழி. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே தின்றது.

முதல் தடவை அப்படி வெட்டின அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். சாதாரணமாக அவர் வாயிலிருந்து உப்பு, குழம்பு என்ற ரெண்டு வார்த்தைக்கு மேல் வராது.

"கேளையாடு ஜோடி ஒண்ணுடி. ஓடலை. கல்யாண வீட்டுக்கு வந்துட்டுப் போற மாதிரி நடந்து போச்சு. பொட்டையை முன்னால விட்டுட்டுக் கிடாய் நின்னு எங்களைப் பாத்துச்சு. அப்புறந்தான் போச்சு."

"பொண்டாட்டியை முன்னால விடணும்னு அதுக்காவது தெரிஞ்சிருக்கு" என்றேன்.

சிரித்தார். சத்தமாகச் சிரித்தார். அன்றைக்கு எனக்கு மேடத்தின் மேல் பிரியமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முன்னால் அடுத்த காடு. அதில் ஓடைப் பக்கம் உண்ணிச்செடி சுவர் மாதிரி அடைத்துக் கிடந்தது. மிருகம் எப்படிப் போகும்? ஓடை திரும்பும் இடத்தில் இவரும் புத்வாவுமாக, ஓர் ஆள் நுழைகிற அகலத்துக்குச் செடியை அரிந்து வழி எடுத்துவிட்டார்கள். அதையும் சாப்பிடும்போதுதான் சொன்னார். "எனக்கும் புத்வாவுக்குந்தான் தெரியும். மேடத்துகிட்டகூட இன்னும் சொல்லலை. நீ வாயை விட்டுறாதே." நான் யாரிடம் விடப்போகிறேன்? எனக்கு எங்கே பேச நேரம்?

ஆனால் அது எங்கள் மகள் சுகந்திக்குத் தலைதீபாவளி. உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் தெரியும். மருமகனுக்கு முதல் தீபாவளி. திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். கல்யாணத்தில் இவ்வளவு பவுன் வேண்டும் என்று கேட்காத பிள்ளை. போனில் என்ன கேட்டார் தெரியுமா? "அத்தை, மேஸ்திரி வீட்டுத் தீபாவளின்னா காட்டுக்கறி உண்டுல்ல?" அந்தப் பிள்ளை வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். நான் உண்டு என்றுவிட்டேன். வேறு என்ன சொல்ல? இவரிடம் சொன்னால், "பிராய்லர் எடுத்துக்கலாம்" என்கிறார். பிராய்லர்! திருப்பூரில் கிடைக்காத பிராய்லரா? சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள் என்று நினைக்கும்போதே எனக்கு உடம்பு கூசியது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அந்தக் கூச்சம் இருக்கிறதே, அது பொல்லாதது.

என் தம்பி காசிலிங்கம் பஜாரில் பைக் மெக்கானிக். துணி எடுத்துக் கொடுக்க வந்தவன் சுவரில் சாய்ந்துகொண்டு, "மச்சான் மிருகத்துக்கெல்லாம் பைபாஸ் ரோடு போட்டிருக்காராமே. எந்தப் பக்கம்க்கா?" என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். நானும் விளையாட்டாகத்தான் சொன்னேன். ஓடை திரும்பும் இடம் என்றேன். அவ்வளவுதான். வழி காட்டவில்லை, கூட்டிக்கொண்டு போகவில்லை. ஓடை எத்தனையோ இடத்தில் திரும்புகிறது. அப்புறம், ஒரு சின்னப் பன்றி கிடைத்தால் போதும் என்றேன். பன்றி என்றுதான் பேச்சு. சிறுத்தை என்ற பேச்சே அந்த வீட்டில் வரவில்லை.

வழி ஒன்றே ஒன்று என்றால் கண்ணி வைக்கிறவனுக்கு எவ்வளவு சுலபம், பாருங்கள். முன்னெல்லாம் காடு முழுக்க அலைய வேண்டும். இப்போது பைக் கிளட்ச் கம்பியைச் சுருக்குப் போட்டு அந்த ஒரு வழியில் கட்டினால் போதும். அதை யோசிக்க வேண்டியது யார்? படித்தவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

தீபாவளி அன்றைக்குக் காலையில் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். மருமகன் சரவெடி வைத்தார். வெடித்து ஓய்ந்தது. ஓய்ந்த பிறகும் ஓடைப் பக்கமிருந்து ஒரு சத்தம். இவர் தலையில் எண்ணெயோடு ஓடினார். லைனே ஓடியது. நானும் போனேன். கம்பி சிறுத்தையின் இடுப்பில் இறுக்கியிருந்தது. நான் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சின்னது. எங்கள் தெரு நாயைவிடக் கொஞ்சம் நீளம். லைனில் ஒவ்வொரு வெடி வெடிக்கும்போதும் அது எகிறியது. எகிற எகிற இறுகியது. இவர் திரும்பிப் பார்த்து, "வெடியை நிறுத்தச் சொல்லுங்கடா" என்று கத்தினார். அழுகிற குரல். இத்தனை ஆள் முன்னால், மருமகன் முன்னால். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வந்துவிட்டேன். வடை மாவு வேறு புளித்துக்கொண்டிருந்தது. டாக்டர் வந்து மயக்க ஊசி போட்டுக் கூண்டில் ஏற்றினார்களாம். கீழே கொண்டு போவதற்குள் செத்துவிட்டது.

காட்டிலாகாவிலிருந்து வந்தவர்கள் இவரைக் கேட்டார்கள், "இந்த வழி யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் புத்வாவுக்கும் சார்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அதுதான். என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை. எந்த வீட்டுக்காரர் சேர்ப்பார்? சோறு போடும்போது சொன்னது சொன்னதாக ஆகுமா?

மேஸ்திரியைச் சந்தேகப்பட முடியாது. புத்வா வீட்டுக்குப் போனார்கள். பின்பக்கம் துணி காயப்போடக் கிளட்ச் கம்பி கட்டியிருந்தது. சுருக்கில் இருந்த அதே மாதிரிக் கம்பி. அதைச் சுருட்டிக்கொண்டு, அவனையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். லைனில் எல்லார் வீட்டிலும் அந்தக் கம்பிதான். காசி கடையில் பழசைச் சும்மா கொடுப்பான். எங்கள் வீட்டிலும் அதுதான் இருந்தது. அன்றைக்கே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டிக்கொண்டேன். நைலான் துருப்பிடிக்காது. வெள்ளைத் துணியில் கறை ஏறாது.

மறுநாள் இவர் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "எப்பக் கட்டினே?"

"தீபாவளிக்கு முன்னாடியே கட்டிட்டேன்."

"ம்" என்றார்.

அதற்கப்புறம் அவர் சாப்பிடும்போது பேசுவதில்லை. குழம்பு, உப்பு, அதுகூட இல்லை. கையை நீட்டுவார், நான் போட வேண்டும்.

காசியா? திருப்பூர் போய்விட்டான். மருமகன்தான் கூடக் கூட்டிக்கொண்டு போய் வேலையில் சேர்த்துவிட்டிருக்கிறார். தங்கமான மனிதர். ஒருநாள் காசி போன் பண்ணினான். "அக்கா, நீ வாயைத் திறந்தா நான் உள்ள போறதோட நிக்காது. கறி கேட்டது யாருன்னு கேப்பாங்க. மாப்பிள்ளை பேரு வரும். சுகந்தி மூட்டை முடிச்சோட மேல வந்து உக்காந்துருவா. யோசிச்சுக்க." அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது இல்லையா? சுகந்தி இப்போது முழுகாமல் இருக்கிறாள். வேலைக்கு வந்த இடத்தில் புத்வாவுக்கு ஒரு கஷ்டம். வக்கீல் இருக்கிறார், எப்படியும் வெளியே வந்துவிடுவான். பெண் பிள்ளை வாழ்க்கை அப்படியா?

மேடம் வந்தார். டீ கேட்கவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். "என் தப்புதான் அக்கா. ஒரே பக்கமா தொறந்து விடச் சொன்னது நான். எல்லாத்தையும் ஒரே வாசல் வழியா அனுப்பினா வாசல்ல எவனாவது நிப்பான்னு எனக்குத் தோணலையே" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். "நீங்க என்ன பண்ணுவீங்க மேடம், மனுசங்க புத்தி அப்படி" என்றேன். புத்வாவுக்கு வக்கீல் வைத்தது அவர்தான்.

ஓடைக்கு மேலே இன்னொரு காடு பாக்கி இருக்கிறது. மேனேஜர் இவரைக் கூப்பிட்டு, இந்தப் புது வழியெல்லாம் வேண்டாம், தலைவலி, பழையபடி சுற்றி வெட்டுங்கள் என்றுவிட்டார். இவர் "வெட்டறோம் சார்" என்று வந்துவிட்டார். கூட்டத்துக்கு ஒரே சந்தோஷம். தடி சீவ ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காட்டுக்குள் மிளா மான் ஒன்று கன்றோடு திரிகிறதாம்.

பஸ் ஏன் நின்றுவிட்டது? ஓ, வரையாடு. இந்த வளைவில் எப்போதும் நிற்கும். கார்க்காரர்கள் இறங்கி செல்ஃபி எடுக்காமல் போக மாட்டார்கள். அதோ, கைப்பிடிச் சுவரில் நிற்கிறது. பூமணி குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறாள். என்னையும் திரும்பிப் பார்க்கிறாள். பார்த்தேன், பார்த்தேன் என்று தலையாட்டினால்தான் விடுவாள்.

அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அவள் கொழுந்து எடுக்கும்போது என் பக்கத்து வரிசையிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ஸ்வெட்டர் சுகந்தியுடையது. தீபாவளி முறுக்கு ஒரு டப்பா கொடுத்தேன். அவள் அதைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறாள், புத்வாவுக்காம். இப்போது அந்தப் பையில் அதுதான் இருக்கிறது. நமுத்துப் போயிருக்கும். சொன்னால் கேட்க மாட்டாள்.

கொழுந்து எடுக்கும்போதே அவளுக்குத் தமிழும் சொல்லிக்கொடுத்தேன். கோர்ட்டில் கேட்டால் சொல்ல வேண்டுமே. "அவர் கம்பி வைக்கலைங்க." இதை ரெண்டு நாளில் பிடித்துக்கொண்டாள். அப்புறம், "யார் வச்சாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்க." அதையும் சேர்த்துச் சொன்னால்தான் பேச்சு முழுசாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். அதுதான் அவளுக்கு வரமாட்டேன் என்கிறது. நாக்கு சுளுக்குகிறது. நூறு தடவை சொல்லிக்கொடுத்தும் தெரியாதுங்க என்று முடிக்கிறபோது என் முகத்தைப் பார்க்கிறாள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிறாள். வேறொன்றும் இல்லை.

இன்றைக்கு இவர்தான் வருவதாக இருந்தது. வக்கீல் மேஸ்திரியைத்தான் வரச் சொன்னார். குளித்தார், வெள்ளைச் சட்டை போட்டார், பஸ்ஸுக்குச் சில்லறைகூட எடுத்து வைத்தார். அப்புறம் என்னவோ சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "நீ போயிட்டு வா" என்கிறார்.

"நான் போயி என்ன சொல்ல?"

"எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லிட்டேன். நீ போ."

முழங்கால் வலியாக இருக்கும். வளைவில் உட்கார்ந்து வந்தால் அவருக்குக் கால் வீங்கிவிடும். பூமணிதான் துள்ளினாள். அக்கா வந்தால் பயமில்லை என்று. பஸ்ஸுக்கு நடந்து வரும்போது அவளுக்கு வருகிற தமிழில் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள், "ரெண்டாவது பேச்சு நீங்க சொல்லுங்க அக்கா. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. உங்க தமிழ் நல்ல தமிழ். நீங்க சொன்னா நம்புவாங்க." அதனால்தான் தங்கச்சி, நான் இங்கே பின்னால் வந்துவிட்டேன். தலைசுற்றலும் உண்டு.

வக்கீல் என்னிடம் என்ன கேட்டுவிடப் போகிறார்? புத்வா எப்படிப்பட்ட ஆள் என்று கேட்பார். நல்ல ஆள் என்பேன். குடிப்பானா, மாட்டான். அந்த வழி வேறு யாருக்குத் தெரியும் என்று என்னிடம் கேட்க மாட்டார். இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை. காட்டிலாகாவிலும் கேட்கவில்லை, மேனேஜரும் கேட்கவில்லை, மேடமும் கேட்கவில்லை. இவர் கேட்டதும் கயிற்றைப் பற்றித்தான். நீங்களும் கேட்கவில்லை. நானாக எதற்கு இவ்வளவு சொன்னேன் என்று தெரியவில்லை. நீங்கள் எந்த ஊர் என்றுகூட நான் விசாரிக்கவில்லை. கேட்கிற முகம் உங்களுக்கு. சரி, விடுங்கள். இறங்கினால் நீங்கள் யாரோ, நான் யாரோ.

ஒருவேளை கேட்டுவிட்டால்? கேட்டுவிட்டால் என்ன சொல்வார்கள், உங்கள் ஊரில்?

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஒரு பையன் நிற்கிறானே, அவர்தான் வக்கீல் போலிருக்கிறது. எவ்வளவு சின்ன வயசு. பூமணி அதற்குள் இறங்கிவிட்டாள். அவரிடம் என்னைத்தான் கை காட்டுகிறாள். அவர் என்னவோ பேப்பரைப் பிரிக்கிறார். இந்த ஜன்னலுக்குக் கீழே வந்து கையை நீட்டுகிறாள், பாருங்கள், என் பையையும் அவளே தூக்கிக்கொள்வாளாம். குழந்தையையும் வைத்துக்கொண்டு.

"வர்றேன், வர்றேன். ஆள் இறங்கட்டும்."

நீங்கள் முன்னால் போங்கள் தங்கச்சி. காலை ஒதுக்கிக்கொள்கிறேன். பின்னால் இருக்கிறவர்களும் போகட்டும். எனக்கு அவசரம் இல்லை.